மாப்பிள்ளைக்கு ஊர் ஜோர்ஜியா

"சவன்னா ஆறு எந்தப் பக்கத்தாலை ஓடுது?"

பரமலிங்கம் அண்ணை இப்படிக் கேட்டபோது மாப்பிள்ளை முதல் வடையின் முதல் கடியில் இருந்தார். பொம்பிளை பார்க்க வந்த இடத்தில் ஓர் ஆறு குறுக்கே வரும் என்று அந்த மனிதர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார்.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி. மாசி மாதம். அந்த உயரத்தில் பனி மேலிருந்து கீழே விழாது. காற்று அதைக் கீழேயிருந்து மேலே தூக்கிக்கொண்டு போகும். யன்னலுக்கு வெளியே வானத்தை நோக்கிப் பெய்துகொண்டிருந்தது. வாசலில் மாப்பிள்ளையின் மெல்லிய சப்பாத்து, எங்கள் எல்லோருடைய பெரிய பூட்சுகளுக்கும் நடுவில், பெருத்த உறவுகளுக்குள் அகப்பட்ட வறிய மருமகன் போல ஈரத்தில் கிடந்தது.

"தலைநகரம்?"

"அற்லாண்டா."

"உது இஞ்சை குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். தெற்காலை ஒரு பெரிய சதுப்பு நிலம் கிடக்கே, அதின்ர பேர்?"

மாப்பிள்ளை வடையைப் பார்த்தார். வடையில் விடை இல்லை.

"சரி, விடுங்கோ. அங்கத்தை வெங்காயம் இனிக்குமாமே, உண்மையோ?"

"நான் வெங்காயம் சாப்பிடுறது குறைவு."

குசினியில் பொரிகிற சத்தம் நின்றது. அண்ணையின் மனைவி சரசக்கா அடுப்பை அணைத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வீட்டில் சரசக்கா அடுப்பை அணைத்தால், நிலைமை மோசம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏனென்றால் வினாத்தாள் தயாரித்தவன் நான்.

தண்ணீரைக் கேட்டு ஆளை அறிதல்

போன கிழமை என் முதலாவது பனிச்சப்பாத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு வாழ்க்கையில் காலுக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால் இந்தக் கிழமை கல்யாண விஷயம். என்னுடையது அல்ல. அது காலுக்குக் கீழே போன கதை.

எண்பத்தைந்தாக இருக்கலாம், எண்பத்தாறாகவும் இருக்கலாம். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் அப்போது கொஞ்சப் பேர். ஒருவன் புது ஜாக்கெட் வாங்கினால் பார்க்டேலில் அதன் நிறத்தைப் பற்றி விவாதம் நடக்கும்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சுக்கால் வந்தால், முதலில் மாப்பிள்ளையை விசாரிப்பதில்லை. ஊரை விசாரிப்போம். அங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி, நல்ல தண்ணியா உவரா? மண் என்ன மண்? என்ன விளையும்? ஆட்கள் எதற்குச் சண்டை பிடிப்பார்கள், பிடித்தால் எப்போது விடுவார்கள்? ஆள் பொய் சொல்லலாம், ஊர் பொய் சொல்லாது என்பது கொள்கை. "அந்த ஊர்த் தண்ணி உவர், ஆக்களும் அப்பிடித்தான்" என்ற ஒரே வசனத்தில் கலைந்துபோன கல்யாணங்களை நான் அறிவேன். கலையாமல் நடந்து, பிறகு அந்த வசனம் சரியென்று ஆன கல்யாணங்களையும் அறிவேன்.

இந்த விசாரிப்புக்கு ஓர் ஆள் எப்போதும் அகப்படுவார். எந்த ஊரென்றாலும் ஒரு செத்தவீட்டுக்காவது போய் வந்த யாரோ ஒருவர் இருப்பார்.

ஜோர்ஜியாவுக்கு யாரும் செத்தவீட்டுக்குப் போனதில்லை.

பரமலிங்கம் அண்ணையின் தங்கை வசந்திக்குப் பார்க்டேலில் இருந்து ஓர் அன்ரி கொண்டுவந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை பெயர் ஞானசேகரம். நாற்பது வயது. ஊரில் பிரச்சினைகள் தொடங்குவதற்கு முன்னரே படிக்கப் போனவர், அமெரிக்கப் பிரஜை. ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் கச்சான் என்கிற நிலக்கடலையின் இலையில் வரும் புள்ளியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். சாதகம் பொருந்தியிருந்தது. ஊர்தான் பொருந்தவில்லை, ஏனென்றால் அது எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒஷாவாவில் இருந்து வந்த அங்கிள் ஒருவர் ஜோர்ஜியா ரஷ்யாவில் இருப்பதாக அடித்துச் சொன்னார்.

"கொம்யூனிஸ்ற் எண்டாலும் காரியமில்லை" என்றார் சரசக்கா. "இதை விடக் குளிரோ எண்டு கேளுங்கோ."

அப்போது நான் அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். என் அறை வரவேற்பறையின் சோபா. என் வேலை ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுவது. நகரத்திலேயே மிகச் சுத்தமான கைகள் என்னுடையவை. ஆனால் என்னிடம் நூலகத்தின் அட்டை ஒன்று இருந்தது. அந்த வீட்டில் அது ஒரு பட்டத்துக்குச் சமம். பரமலிங்கம் அண்ணை என்னை "புரொபசர்" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் "மாடு" என்று சொல்லும் அதே தொனியில்.

அண்ணை ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மனேச்சராக இருந்தவர். இங்கே ஒரு கட்டடத்தின் காவலாளி. இரண்டிலும் யாரையும் நம்பாமல் இருப்பதுதான் வேலை.

"புரொபசர்" என்றார் ஒருநாள். "நீர் போய் ஜோர்ஜியாவை வடிவா விசாரிச்சுக்கொண்டு வாரும்."

"நானோ? எப்பிடி அண்ணை போறது?"

"லைபிரரிக்கு, மனிசா."

வசந்தி அப்போது குசினி வாசலில் நின்றாள். முப்பத்து நாலு வயது. கொழும்பில் படிப்பித்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டை விட்டுப் பள்ளிக்கூட முகாமுக்கும், முகாமில் இருந்து கப்பலுக்கும், கப்பலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கும், பிறகு இங்கேயும் வந்தவள். ஸ்பெடைனாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேட்டுகளுக்குக் கொலர் வைத்துத் தைத்தாள். பேச்சு குறைவு. அன்றைக்கு மட்டும் நாலு வசனம் சேர்த்துச் சொன்னாள்.

"ஊர் எப்பிடி எண்டாலும் பழகுவன். பழகிப் பழகி அலுத்துப் போச்சு, அதுதான் உண்மை. இன்னொரு புது இடத்திலை போய் நிக்கிறதெண்டால், அங்கை என்னோடை கதைக்க ஓர் ஆளாவது வேணும். இல்லையெண்டால் எனக்கு இந்தக் கொலர் தைக்கிறதே காணும்."

அண்ணை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மண்ணையும் மறக்காமல் பாரும்" என்றார் என்னிடம்.

நிலம்

நூலகத்தின் கலைக்களஞ்சியத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஜோர்ஜியாவை நான் தலையில்தான் கொண்டு வந்தேன், சிந்தாமல்.

வேலை முடிந்து, விரல்கள் ஊறிச் சுருங்கிய நிலையில் அந்தக் கதகதப்பான மண்டபத்துக்குள் போய் உட்காருவேன். பக்கத்தில் ஒரு கிழவர் தினமும் பத்திரிகையை முகத்தில் விரித்துத் தூங்குவார். அவருடைய மூச்சில் பத்திரிகை ஏறி இறங்கும். நான் ஜோர்ஜியாவை வாசிப்பேன். வடக்கே நீல மலைகள். நடுவில் சிவப்பு மண். தெற்கே போகப் போகத் தட்டையாகி, கடலோரத்தில் நிலமா நீரா என்று தீர்மானிக்க முடியாத புல்வெளி. வற்றுப் பெருக்குக்கு ஒருநாளில் இரண்டு தரம் முகத்தை மாற்றிக்கொள்ளும் தீவுகள்.

அந்தச் சதுப்பு நிலத்தின் பெயருக்கு அங்கே முன்பு இருந்தவர்களின் பாஷையில் நடுங்கும் நிலம் என்று பொருளாம். நீரின் மேல் மிதக்கிற மண். அதிலே மரமே வளரும். ஒருவர் காலை ஊன்றி நடந்தால் தூரத்தில் நிற்கிற மரம் அசையுமாம். தண்ணீர் இலை ஊறி ஊறிப் பால் விடாத தேத்தண்ணியின் நிறம். மரங்களில் இருந்து நரைத்த சடை போல ஏதோ பாசி தொங்கும்.

வெளியே வந்து கால்ற்றன் ஸ்ற்றீற்காரில் ஏறுவேன். கண்ணாடியில் எல்லோருடைய மூச்சும் படிந்து ஊர் தெரியாது. வெளிச்சங்கள் மட்டும் மஞ்சளாகக் கரைந்து போகும். தண்டவாளத்தில் வண்டி வளையும்போது என் காலுக்குக் கீழே நிலம் நடுங்கும். எங்கோ ஒரு மரம் அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சாரதி கேட்டதற்கு என்ன சொல்வது? சதுப்பு நிலத்தில் நின்றுவிட்டேன் என்றா?

சனிக்கிழமை பின்னேரம் முதலாவது விரிவுரை. சோபாவில் அண்ணை. நிலத்தில் உட்கார்ந்து சரசக்கா வெங்காயம் உரித்தார். வசந்தி ஒரு மூலையில் நூல் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு மண் என்ற இடத்தில் அண்ணை நிமிர்ந்தார்.

"சிவப்பெண்டால் எப்பிடிச் சிவப்பு? எங்கட கோண்டாவில் மண் மாதிரிச் சிவப்போ?"

புத்தகத்தில் படம் கறுப்பு வெள்ளை. ஆனால் விரிவுரையாளன் தயங்கக் கூடாது.

"அதே சிவப்பு, அண்ணை."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு மாநிலம் பாதிப் பரீட்சை சித்தியடைந்துவிட்டது.

ஆட்கள்

இரண்டாம் சனிக்கிழமைக்குள் செய்தி கட்டடத்தில் பரவிவிட்டது. ஒன்பதாம் மாடியில் இருந்து இரண்டு பேர், பன்னிரண்டாம் மாடியில் இருந்து ஒருவர். யாருக்கும் பெண் கொடுக்கிற நோக்கம் இல்லை. பனிக்காலத்தில் போக இடமில்லை, அவ்வளவுதான்.

ஆட்களைப் பற்றி நான் சுகமான பகுதிகளை மட்டும் சொல்வதாக நினைத்திருந்தேன். மெதுவாகப் பேசுவார்கள். முன்பின் தெரியாதவனுக்கும் காருக்குள் இருந்தபடி ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். வெண்டிக்காயைப் பொரித்துச் சாப்பிடுவார்கள்.

"வெண்டிக்காயோ!" என்றார் சரசக்கா. "வெண்டிக்காய் தின்னுற சனம் கூடாத சனமாயிராது."

அதோடு முடித்திருக்கலாம். வசந்திதான் என்னைக் கேட்டாள். என்னையும் அவள் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணை, அவைக்கு முந்தி அங்கை ஆர் இருந்தவை?"

சொன்னேன். செரோக்கி என்றொரு சனம். தங்கள் பாஷைக்குத் தாங்களே எழுத்து உண்டாக்கியவர்கள். அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்தியவர்கள். அவர்களை ஒருநாள் பட்டாளம் வந்து வீடுகளில் இருந்து எழுப்பி மேற்கே நடத்திக்கொண்டு போனது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு அந்த நிலத்தில் பஞ்சு விதைக்கக் கடல் கடந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட கறுப்பு மனிதர்கள். சங்கிலியைக் கழற்றிய பிறகும் அவர்களுக்கு வாசல் வேறு, உட்காருகிற வாங்கு வேறு என்று வைத்திருந்த காலம்.

நூல் கத்தரிக்கிற சத்தம் நின்றது. ஒன்பதாம் மாடிக்காரர் இருவரும் தங்கள் காலுறைகளைப் பார்த்தார்கள். அச்சுக்கூடம், பட்டாளம், எழுப்பிக்கொண்டு போதல். இந்தச் சொற்களுக்கு அந்த அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"எங்கை போனாலும் ஆரையோ கலைச்ச நிலத்திலைதான் அடுப்பு மூட்ட வேண்டிக்கிடக்கு" என்றார் சரசக்கா.

"இஞ்சை மட்டும் என்னவாம்?" என்றார் அண்ணை. பதினேழு மாடிக்குக் கீழே இருக்கிற நிலத்தைப் பார்ப்பது போலக் கம்பளத்தைப் பார்த்தார்.

அன்றைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் நேரத்தோடு போய்விட்டார்கள்.

தொழில்

மூன்றாம் சனிக்கிழமை பொருளாதாரம். இதற்குத்தான் கூட்டம் அதிகம்.

முன்பு எல்லாம் பஞ்சு. ஒரு சின்ன வண்டு வந்து பஞ்சைத் தின்றது. பிறகு கச்சான், புகையிலை, பீச் பழம், இனிக்கிற வெங்காயம். பைன் மரத்தில் கீறிப் பால் எடுத்துத் தைலம் காய்ச்சுவார்கள். மரக்கூழில் கடதாசி செய்கிற ஆலைகள் உண்டு. அந்தப் பக்கம் காற்று அடித்தால் அழுகின முட்டை மணக்கும்.

"பொறும், பொறும்" என்றார் அண்ணை. விரல் மடித்தார். "புகையிலை. வெங்காயம். சிவப்பு மண். கரையிலை தீவு. உது யாழ்ப்பாணமெல்லோ!"

சபையில் ஒரு சலசலப்பு. பன்னிரண்டாம் மாடிக்காரர் கையைத் தூக்கினார். "அங்கை வேலி இருக்கோ, புரொபசர்?"

"இல்லையாம். திறந்த வெளியாம். கண்ணுக்கெட்டின தூரம் காணி."

"அப்ப சனம் என்னத்துக்குச் சண்டை பிடிக்குது?"

கலைக்களஞ்சியத்தில் அது இல்லை.

உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை வருவதற்கு முன்னமே ஜோர்ஜியாவுக்கு வாழ்க்கைப்பட்டவன் நான்தான். கோப்பை கழுவும்போது எழுகிற ஆவியில் சதுப்பு நிலத்துக் காலைகள் தெரிந்தன. அங்கே ஒரு கொடி இருக்கிறது. எங்கோ கிழக்கில் இருந்து மண்ணரிப்பைத் தடுக்கக் கொண்டுவந்து நட்டார்களாம். அது மண்ணைக் காத்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் மூடத் தொடங்கியது. தந்திக்கம்பம், கைவிட்ட வீடு, நிறுத்திய கார். எல்லாம் பச்சைப் போர்வைக்குள் படுத்துவிடும். சோபாவில் கண்ணை மூடினால் அந்தக் கொடி எங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி வரும். பனி போய், ரொறன்ரோ முழுவதும் பச்சையாக, சத்தமில்லாமல், வெப்பமாக இருக்கும்.

மூன்றாம் விரிவுரை முடிந்து எல்லோரும் போன பிறகு வசந்தி நூல்களைக் கூட்டி அள்ளினாள்.

"அண்ணை, ஆற்றைச் சொன்னியள், மண்ணைச் சொன்னியள், வெண்டிக்காயையும் சொன்னியள்."

"ஓம்."

"அங்கை இருக்கிற அந்த ஓர் ஆளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

"அவர் புத்தகத்திலை இல்லை, வசந்தி."

"அதுதான் யோசிக்கிறன்" என்றாள்.

வடை ஆறுகிறது

இப்போது மறுபடி அந்த மாசி மாதத்துப் பின்னேரத்துக்கு வருவோம். மாப்பிள்ளை அரை வடையோடு தனியாக இருக்கிறார். எங்களை அண்ணை குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஆள் கள்ளன்" என்றார், காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "பத்து வருசம் இருந்த ஊர். ஆறு தெரியாது, சதுப்பு தெரியாது. அங்கை போகாத நீர் எல்லாம் சொல்லுறீர், இருந்தவன் சொல்லுறானில்லை."

இப்படி ஆளைப் பிடிப்பதில் எங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. ஊரில் ஒரு மாப்பிள்ளை தன்னுடைய கோயில் தேர் எந்த மூலையில் இளைப்பாறும் என்று தெரியாமல் முழித்து அகப்பட்டிருக்கிறார். அவர் அந்த ஊரே இல்லை. அண்ணையின் கண்ணில் அந்தத் தேர் ஓடியது.

"பாவம், முகத்தைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை" என்றார் சரசக்கா.

"முகத்தை ஆர் கேட்டது? நான் போய் அறிவிக்கிறம் எண்டு சொல்லப் போறன்."

எங்கள் பேச்சுக்கால் வழக்கத்தில் "அறிவிக்கிறம்" என்று சொன்னவர்கள் யாரும் பிறகு அறிவித்ததில்லை. அந்தச் சொல்லோடு வசந்தியின் விஷயம் முடிந்துவிடும். ஒரு மனிதனை ஒரு கலைக்களஞ்சியம் தோற்கடித்த கதையாகிவிடும், அதைத் திறந்தவனும் நான்.

"அண்ணை, ஒரு நிமிசம். இஞ்சை எங்கட ஆற்றுக்கு என்ன பேர்?"

"எந்த ஆறு?"

குசினி யன்னலைக் காட்டினேன். பனிக்குள், கீழே, மரங்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

"உதோ? உதை நான் கழிவுத் தண்ணி போற வாய்க்கால் எண்டெல்லோ நினைச்சனான்."

"உது டொன் ஆறு, அண்ணை. நீங்கள் மூண்டு வருசமா உதுக்கு மேலைதான் இருக்கிறியள்."

அவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "நான் ஆரிட்டையும் பொம்பிளை கேட்டுப் போகேல்லையே" என்றார். ஆனால் குரலில் பழைய கூட்டுறவுச் சங்கம் இல்லை.

அப்போதுதான் கவனித்தோம். வசந்தி எங்களோடு இல்லை. வரவேற்பறையில் இருந்து அவளுடைய குரல் வந்தது. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டியவள், அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். சரசக்கா வாயில் விரலை வைத்தார். நாங்கள் மூன்று பேரும் குளிர்ப்பெட்டியின் பக்கம் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டாள்.

அவருக்கு இந்தக் கேள்வி சவன்னா ஆற்றை விடக் கஷ்டமாக இருந்தது போல. கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பெரிசா ஒண்டும் இல்லை. எனக்கு அந்த ஊரிலை தெரிஞ்சது ஒரு றோட்டுத்தான். வீட்டிலையிருந்து வேலைக்குப் போற றோட்டு. ரெண்டு பக்கமும் பைன் மரம். வேலையிலை இலையை மட்டும் பாப்பன், அதுவும் கண்ணாடிக்குள்ளாலை. உங்கட அண்ணை கேட்டது ஒண்டும் எனக்குத் தெரியாததுக்கு அதுதான் காரணம். குறை நினைக்க வேண்டாம்."

"நான் குறை நினைக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டன்."

"அந்த றோட்டிலை கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு மனிசன் பெரிய பானை வைச்சுக் கச்சான் அவிச்சு விக்கிறவன். ஞாயிறிலை அதுக்கு மட்டும் போவன்."

"அவிச்ச கச்சானோ? அங்கையோ?"

"ஓம். கோதோடை, உப்புத் தண்ணியிலை. கடதாசிப் பையிலை போட்டுத் தருவான். பை நனைஞ்சு மடியிலை சுடும். ஒரு குளத்தடியிலை காரை நிப்பாட்டிப்போட்டு அங்கையே இருந்து சாப்பிடுவன்."

"பிறகு?"

"அரைவாசிதான் தின்ன ஏலும். அவன் விக்கிற ஆகச் சின்னப் பையே ரெண்டு பேருக்குக் காணும். வீட்டை கொண்டுபோனால் ஆறி வழுவழுத்துப் போகும். மிச்சத்தை உடைச்சு உடைச்சுக் குளத்துக்குள்ளை மீனுக்குப் போட்டிட்டு வந்திடுவன். மீன்கள் இப்ப என்ர காரைக் கண்டால் கரைக்கு வரும்."

சூடாக்கி தட்டித் தட்டி ஆவி விட்டது. யன்னலில் பனி ஆறுதலாக மேலே போய்க்கொண்டிருந்தது.

அண்ணையால் பொறுக்க முடியவில்லை. குசினியில் இருந்தபடியே சத்தம் வைத்தார்.

"அந்தக் குளத்தின்ர பேர்?"

"அதுவும் தெரியேல்லை" என்றார் மாப்பிள்ளை, நாங்கள் இருந்த திசையைப் பார்த்து, மிகவும் பணிவாக.

வசந்தி சிரித்தாள். அந்த வீட்டில் நான் அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒளித்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வாய்விட்டு. சிரித்து முடித்துத்தான் பேசினாள்.

"அண்ணா, அதை நானே போய்ப் பாத்துப்போட்டு உங்களுக்குச் சொல்லுறன்."

சரசக்கா அடுப்பை மறுபடி மூட்டினார்.

மண்ணின் நிறம்

கோடையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டிய கையோடு இரண்டு பேரும் தெற்கே போனார்கள். அதன் பிறகு நான் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பத்திரிகைக் கிழவர் மட்டும் அதே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இலை பழுக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தி தொலைபேசியில் வந்தாள். முதலில் சரசக்கா, பிறகு அண்ணை. அண்ணை "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், திடீரென்று என்னை முறைத்தார்.

"வெள்ளையோ? நல்லாத் தெரியுமோ? சரி, உந்தாளிட்டைக் குடுக்கிறன்." ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உம்மட சிவப்பு மண்ணை நீரே கேளும்."

"அண்ணை" என்றாள் வசந்தி. "நான் இருக்கிற பக்கம் மண் சிவப்பில்லை. கடற்கரை மாதிரி வெள்ளை மணல். சிவப்பு மண் பாக்கிறதெண்டால் வடக்காலை கன தூரம் காரிலை போகோணுமாம்."

"புத்தகத்திலை அப்பிடித்தான்..." என்று இழுத்தேன்.

"நீங்கள் சொன்னது ஒண்டும் பிழையில்லை. வேறை ஆரின்ரயோ ஊரைச் சொல்லியிருக்கிறியள்."

இன்றைக்கு வரைக்கும் என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் மிகச் சரியானது அதுதான்.

"வெங்காயம்?"

"இனிக்குது. குழம்புக்கு உதவாது."

"குளத்துக்கு என்ன பேர்?"

"கச்சான்காரரிட்டையே கேட்டன். சிரிச்சுப்போட்டு, குளத்துக்கு ஆர் பேர் வைக்கிறது எண்டார். அண்ணாட்டைச் சொல்லிவிடுங்கோ, அது பேரில்லாத குளமாம். இவருக்குத் தெரியாததிலை பிழையில்லை."

சொன்னேன். அண்ணை தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். ஒரு கணக்கு, தாமதமாக என்றாலும், முடிந்தது.

தொலைபேசியில் பின்னால் ஓர் ஆண்குரல் ஏதோ சொன்னது. அவள் வாயை மறைத்து அதற்குப் பதில் சொன்னாள். பிறகும் ஏதோ சொன்னது. அதற்கும் பதில். நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு யன்னல் திறந்திருக்க வேண்டும். பூச்சிகளின் இரைச்சல், வெயிலின் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது மாதிரி, கம்பிவழியாக வந்துகொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே எங்கள் டொன் ஆறு, தன் பெயரோடு, மஞ்சள் இலைகளை இழுத்துக்கொண்டு போனது.

"இருக்கிறியளோ, அண்ணை?"

"இருக்கிறன். அந்த மீன்கள் எப்பிடி?"

"அதையேன் கேக்கிறியள்" என்றாள் வசந்தி. "காரைக் கண்ட உடனை கரைக்கு ஓடி வருதுகள். இப்ப பையிலை ஒண்டும் மிஞ்சிறதில்லை. பாவங்கள்."